கிரகணப் பாடத்துக்கு மூன்று இலவச மென்பொருள்கள்: தகராறு அளவில்தான்

"கிரகணம் நடத்தப்போகிறேன். ஸ்டெல்லேரியம், செலஸ்டியா, ஃபெட் மூன்றும் இலவசம்தானே, எதைத் திரையில் போடட்டும்?" என்று ஆசிரிய நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நிறுவும் முறையும் வசதிகளின் பட்டியலும் எங்கும் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். நெடுநாள் பயன்படுத்தியதில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: அளவு. பூமி எவ்வளவு பெரியது, சந்திரன் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை இவை எப்படிக் காட்டுகின்றன என்பதில்தான் கிரகணப் பாடம் முழுக்க நிற்கிறது.

பூமியின் விட்டம் 12,742 கி.மீ. சந்திரனுடையது 3,474 கி.மீ. இடைவெளி சராசரியாக 3,84,400 கி.மீ., அதாவது 30 பூமிகளை வரிசையாக அடுக்கும் தூரம். புத்தகப் படங்களில் இது மூன்று பூமி அகலத்துக்குச் சுருங்கிவிடும். பக்கத்தில் இடமில்லை, புரிகிறது. ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு "பௌர்ணமிதோறும் சந்திர கிரகணம் ஏன் வருவதில்லை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் சந்திரனின் பாதை சுமார் 5.1 டிகிரி சாய்ந்திருக்கிறது என்கிறோம். மூன்று பூமி தூரத்தில் அந்தச் சாய்வு சந்திரனைச் சுமார் கால் பூமி உயரத்துக்கு மேல் தூக்காது. அங்கே பூமியின் கருநிழல், அதாவது சூரிய ஒளி துளியும் நேராக எட்டாத பகுதி, கிட்டத்தட்ட பூமி அளவுக்கே அகலம். எனவே சந்திரன் முழுசாக நிழலுக்குள்ளேயே இருக்கும். படத்தை நம்பினால் மாதாமாதம் கிரகணம் வந்தாக வேண்டும். கூர்மையான மாணவர் இதைக் கவனித்துக் கேட்டால், "சாய்வு இருக்கிறது, அதனால் வராது" என்று மனப்பாடப் பதில்தான் சொல்ல நேரும். உண்மைத் தூரத்தில் அதே சாய்வு சந்திரனை சுமார் 34,500 கி.மீ. மேலோ கீழோ கொண்டுபோகிறது. அங்கே கருநிழலின் அகலம் 9,200 கி.மீ. மட்டுமே. தவறிப்போவது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கண்ணோடு மூன்றையும் பார்க்கலாம்.

ஸ்டெல்லேரியம் தரையில் நின்று வானத்தைப் பார்க்கும் மென்பொருள். கோண அளவுகளை அது சரியாகவே கணக்கிடுகிறது. இந்த விஷயத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் திரையில் இருக்கிறது. திறந்தவுடன் 60 டிகிரி பார்வைப் புலம் (திரையில் அடங்கும் வானத்தின் அளவு) வரும். 1080 பிக்சல் உயரமுள்ள திரையில் அரை டிகிரி சந்திரனுக்கு ஒன்பது பிக்சல்தான் கிடைக்கும். "சந்திரன் ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது?" என்று யாரோ கேட்க, எஃப்4 அழுத்தி, சூரியக் குடும்பத்துக்கான எஸ்.எஸ்.ஓ. தாவலில் 'ஸ்கேல் மூன்' என்ற கட்டத்தில் இன்னொருவர் டிக் போட்டுவிடுவார். சந்திரன் நான்கு மடங்கு பெரிதாகும், பார்க்கவும் அழகாக இருக்கும். அந்த ஒரு டிக்கில் கிரகணப் பாடம் பாழ்.

இதைச் சோதிக்க இரண்டு கிரகணங்கள் போதும். 2024 ஏப்ரல் 8, டல்லஸ் நகரம், உள்ளூர் நேரம் பிற்பகல் 1:40: முழு சூரிய கிரகணம், நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 2023 அக்டோபர் 14, ஆல்புகர்க்கி நகரம், காலை 10:34: கங்கண கிரகணம் (சூரியனின் விளிம்பு வளையமாக மிஞ்சுவது), ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. முன்னதில் சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்தது அதற்கு முந்தைய நாள்தான். பின்னதில் மிகத் தொலைவில் இருந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. முழு கிரகணத்துக்கும் கங்கண கிரகணத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. 'ஸ்கேல் மூன்' போட்டுவிட்டு இதே இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். கங்கண கிரகணம் முழு கிரகணமாகிவிடும். டல்லஸில் நான்கு நிமிடம்கூட நீடிக்காத மறைப்பு மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஓரத்தில் "சந்திரன் பெரிதாக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி போட்டால் என்ன?

சரியாக ஓட்டும் முறை இது. எஃப்6-இல் நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே சாளரத்தில் நேர மண்டலத்தை யாராவது கையால் மாற்றி வைத்திருந்தால் இடம் மாறினாலும் கடிகாரம் மாறாது. கிரகணம் "வரவில்லை" என்ற புகார்களில் பாதி இதனால்தான். எஃப்5-இல் தேதியும் நேரமும். எஃப்3-இல் சூரியனைத் தேடி, ஸ்பேஸ் பாரை அழுத்தி நடுவில் நிறுத்தி, பார்வைப் புலம் 2 டிகிரிக்கு வரும்வரை நெருங்குங்கள். ஏ விசையை அழுத்தினால் வளிமண்டலம் மறையும். இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில் சந்திரன் நெருங்கி வருவது தெரியாமல், திடீரென்று சூரியனைக் கடித்தது போலிருக்கும். கண்ட்ரோல்+எம் அழுத்திவிட்டால் நேரம் ஓடும்போது படம் சுழலாது. பிறகு எல் விசையால் நேரத்தை வேகமாக்கி, கே விசையால் இயல்பு வேகத்துக்குத் திருப்பலாம். மாணவர் கணினிகளில் எஃப்2 சாளரத்திலுள்ள 'சேவ் செட்டிங்ஸ்' பொத்தானைத் தொட விடாதீர்கள். அன்றைக்கு எந்த டிக் இருக்கிறதோ அத்தனையும் அப்படியே பதிந்து, அடுத்த வகுப்பிலும் வந்து நிற்கும். குழப்பமாகிவிட்டால் அதே சாளரத்தில் ஆரம்ப நிலைக்கு மீட்கும் பொத்தான் இருக்கிறது.

அடுத்து ஃபெட். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில், கணினியில் இயக்கிப் பார்க்கும் அறிவியல் மாதிரிகளுக்காகத் தொடங்கிய திட்டம். இதன் 'கிராவிட்டி அண்ட் ஆர்பிட்ஸ்' சிமுலேஷனை மனதாரப் புகழ்வேன். ஈர்ப்பு விசையை நிறுத்தும் ஒரு பொத்தான் அதில் இருக்கிறது. பூமி சுற்றிக்கொண்டிருக்கும்போது அதை அழுத்தினால் பூமி அந்த நொடியில் போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேர்கோட்டில் கிளம்பிவிடும். நியூட்டனின் முதல் விதிக்கு இதைவிடத் தெளிவான காட்சி வேறில்லை. ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத வகுப்பிலும் ஓடும். இத்தனையும் இலவசம்.

ஆனால் அதில் 'மாடல்', 'டு ஸ்கேல்' என்று இரண்டு திரைகள் உள்ளன. எல்லோரும் திறப்பது முதலாவதை. அங்கே சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் பெரிய பெரிய உருண்டைகள். சூரியன், பூமி, சந்திரன் சேர்ந்த காட்சியைப் போட்டு, தடத்தைக் காட்டச் சொன்னால் சந்திரனின் பாதை பூமியின் பாதையைச் சுற்றி நெளிந்து நெளிந்து போகும். உண்மையில் சந்திரனைப் பூமி இழுப்பதைவிடச் சூரியன் இழுப்பது இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். அதனால் சூரியனைச் சுற்றிய சந்திரனின் பாதை எந்த இடத்திலும் வெளிப்பக்கமாக வளைவதில்லை. எப்போதும் சூரியனை நோக்கியே வளைந்திருக்கும், கிட்டத்தட்ட வட்டமே. மாடல் திரையைப் பார்த்த மாணவர் இதை நம்பமாட்டார். நேர்மையான 'டு ஸ்கேல்' திரையோ இரண்டாவது இடத்தில் இருக்கிறது. அதைத் திறந்தால் புள்ளிகள்தான் தெரியும், யாரும் அங்கே நிற்பதில்லை. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே அளக்கும் டேப்பை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தத் திரைக்கு அப்போதுதான் உயிர் வரும்.

செலஸ்டியா விண்வெளிக்குள் பறந்து சுற்றிப் பார்க்கும் பழைய மென்பொருள், 2001-இல் வந்தது. பட்டன்கள் குறைவு, விசைகளை மனப்பாடம் செய்ய வேண்டும், தரையிலிருந்து வானம் எப்படித் தெரியும் என்று காட்டுவதில் ஸ்டெல்லேரியத்தின் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் அளவில் அது பொய் சொல்வதில்லை. என்டர் அழுத்தி 'எர்த்' என்று தட்டி மீண்டும் என்டர், பிறகு ஜி: பூமிக்கு அருகில் போய்விடும். என்ட் விசையால் பின்வாங்கிக்கொண்டே போங்கள். ஓ விசை பாதைகளைக் காட்டும், எம் விசை சந்திரனின் பெயரைக் காட்டும். இது இல்லாமல் சந்திரனைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம், மாணவர்கள் "ஒன்றுமே இல்லையே" என்பார்கள். அந்த "ஒன்றுமே இல்லை"தான் பாடம். 1,920 பிக்சல் அகலத் திரையில் பூமிக்கும் சந்திரனுக்கும் 1,800 பிக்சல் இடைவெளி கொடுத்தால் பூமி 60 பிக்சல், சந்திரன் 16 பிக்சல். 2024 கிரகணத்தில் பூமியின் மேல் ஓடிய கருநிழல் அதிகபட்சம் சுமார் 200 கி.மீ. அகலம், இந்த அளவில் அது ஒரே ஒரு பிக்சல். முழு கிரகணம் ஏன் ஒரே ஊருக்கு அத்தனை அபூர்வம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சூரியனோ அதே வரிசையில் சுமார் 365 திரைகளுக்கு அப்பால் இருக்கும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் இதில்தான் இருக்கிறது. எஃப்4 விசை. ஸ்டெல்லேரியத்தில் அமைப்புகளைத் திறக்கும் அதே விசை, இங்கே உங்களை ஒளியின் வேகத்தில் பறக்க வைக்கும். பூமியின் பகல் பக்கம் நின்று, எச் அழுத்திச் சூரியனைத் தேர்ந்தெடுத்து, சி அழுத்தி நடுவில் வைத்து, எஃப்4. இனி ஒன்றும் செய்ய வேண்டாம். பிரபஞ்சத்தின் உச்ச வேகம், ஆனாலும் சூரியன் பெரிதாகிற மாதிரியே தெரியாது. எட்டு நிமிடம் 19 வினாடி வகுப்பு காத்திருக்க வேண்டும். நடுவில் பேசாதீர்கள், விசையைத் தட்டாதீர்கள், எஃப்5 அழுத்திப் பத்து மடங்கு வேகமாக்கவும் வேண்டாம். சந்திரனுக்கு என்றால் இதே வேகத்தில் ஒன்றேகால் வினாடிக்குச் சற்று அதிகம். இந்த இரண்டு காத்திருப்புகளையும் அடுத்தடுத்து அனுபவித்த மாணவருக்கு, சந்திரனும் சூரியனும் வானத்தில் ஒரே அளவாகத் தெரிவது எப்படி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சின்ன சேர்க்கை: நாசாவின் அறிவியல் காட்சிப்படுத்தல் பிரிவு ஆண்டுதோறும் சந்திரனின் முகத்தை மணிக்கொரு படமாக இலவசமாகத் தருகிறது. வரிசையாக ஓட்டினால் சந்திரன் பெரிதாகிச் சிறிதாவதும், லேசாகத் தலையாட்டுவதும் தெரியும். கங்கண கிரகணத்தை விளக்கும் முன்பு இதைக் காட்டிவிடுங்கள்.

நண்பருக்கு என் பதில்: முதல் வகுப்பில் மூன்றையும் திறக்க வேண்டாம். 30 செ.மீ. விட்டமுள்ள பூமி உருண்டை, 8 செ.மீ. பந்து, 9 மீட்டர் கயிறு. 22 செ.மீ. அகலமுள்ள ஒரு வட்ட அட்டையைக் கயிற்றின் மறுமுனையில் பிடிக்கச் சொல்லுங்கள், அதுதான் கருநிழல். பந்தை அந்த அட்டைக்கு 80 செ.மீ. மேலே ஒருமுறை, 80 செ.மீ. கீழே ஒருமுறை, நேராக ஒருமுறை கொண்டுபோகட்டும். கயிறு தொய்ந்தால் உயரக் கணக்கு கெட்டுவிடும், இழுத்துப் பிடிக்க வேண்டும். அறையில் இடம் போதாவிட்டால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்.

அடுத்த வகுப்பில் செலஸ்டியா. கிரகணத் தேதிகளுக்கு வரும்போது ஸ்டெல்லேரியம், முதல் வேலையாக அந்த 'ஸ்கேல் மூன்' டிக்கை எடுத்துவிட்டு. மூன்றில் அதிகம் பயன்படப்போவது இதுதான், இருந்தும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இன்றைக்கு நான் செலஸ்டியாவைத்தான் சொல்வேன். ஃபெட்டை இத்தனை புகழ்ந்த பிறகும், கிரகணப் பாடத்தில் அதன் மாடல் திரையைக் காட்டாதீர்கள் என்பதே என் முடிவு. ஈர்ப்பு விசைப் பாடம் வரும்வரை அந்தக் கோப்பு அப்படியே இருக்கட்டும்.