அப்பா கையில் ஒட்டிய ஃப்ரீஸ்டைல் லிப்ரே

இன்சுலின் போடுகிற அப்பாவுக்காக, சர்க்கரை அளவைக் காட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் வாங்கினோம், முதல் தலைமுறை மாடல். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வட்டம். மேல்கையின் பின்பக்கம் ஒட்டினால் சுமார் 5 மி.மீ. நீள மெல்லிய இழை தோலுக்கடியில் போய்விடும். 14 நாள் தாங்கும். போனைப் பக்கத்தில் காட்டினால் அளவும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்ற அம்புக்குறியும் வரும். அந்த அம்புக்குறிக்கே காசு கொடுக்கலாம். நாலு இட்லிக்குப் பிறகு கோடு செங்குத்தாக ஏறுவதைக் கண்ணால் பார்த்ததும், எங்கள் பேச்சை இத்தனை வருடம் காதில் வாங்காதவர், தானாகவே இரண்டோடு நிறுத்திக்கொண்டு சுண்டல் கேட்கிறார்.

ஆனால் ஒன்று, இது ரத்தத்தை அளப்பதில்லை, செல்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸைத்தான் அளக்கிறது, அதனால் சில நிமிடம் பின்தங்கும். சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்குவதுபோல் இருந்தால் திரையை நம்பி உட்காராமல் விரலில் குத்திப் பாருங்கள். அந்தப் பக்கமாகப் படுத்துக் கை அழுந்தினாலும் அளவு குறைவாகக் காட்டும். சென்சார் 8 மணி நேரத் தகவலைத்தான் சேமிக்கும், படுக்கும் முன்பும் எழுந்ததும் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

மாதம் இரண்டு வாங்குவது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. டாக்டர் இன்சுலின் அளவை மாற்றும் சமயத்தில் மட்டும் ஒட்டினாலும் பலன் உண்டு.