லேப்டாப்பை சர்வீசுக்குக் கொடுக்கும் முன் ரெக்கவரி கீயை எடுத்து வையுங்கள்

விண்டோஸ் லேப்டாப்பை எந்த ரிப்பேருக்காகக் கொடுப்பதாக இருந்தாலும், அது அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டராகவே இருந்தாலும், ரெக்கவரி கீ, அதாவது பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் 48 இலக்க எண், கையில் இல்லாமல் கொடுக்காதீர்கள். அது என்ன கீ, நான் எதையும் லாக் செய்யவே இல்லையே என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் செய்யாமலேயே உங்கள் டிஸ்க் லாக் ஆகியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

என் லேப்டாப்பில் இருந்த கோளாறு ரொம்பச் சின்னது. சார்ஜர் செருகும் யூஎஸ்பி-சி துளை ஆடிப்போய், ஒயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். மற்றபடி மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வாரன்டி இருந்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்தேன். ஜாப் ஷீட்டில் சார்ஜிங் பிரச்சினை என்று எழுதினார்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். "டிஸ்க்கை நாங்க தொடவே மாட்டோம் சார், கவலைப்படாதீங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். அவர்கள் டிஸ்க்கைத் தொடவில்லை என்பது உண்மைதான். இன்றுவரை அதையே சொல்லித்தான் என்னிடம் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ரெடி என்று மெசேஜ் வந்து போய் வாங்கினால், திரை முழுக்க நீலம். ரெக்கவரி கீயை அடிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி, 48 இலக்கம் அடிப்பதற்கு ஒரு நீளக் கட்டம், அதற்குக் கீழே கீ ஐடி என்று புரியாத எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், சார்ஜரைச் செருகி லைட் எரிவதைக் காட்டினார்கள். ஜாப் ஷீட்டை வாங்கிப் படித்த பிறகுதான் மதர்போர்டையே மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தத் துளை போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது, தனியாக மாற்ற மாட்டோம், முழு போர்டையும்தான் மாற்றுவோம் என்றார்கள். சரி, அது அவர்கள் வேலை செய்யும் முறை. ஆனால் கழற்றுவதற்கு முன்னால் ஒரு போன் செய்து "ரெக்கவரி கீ வச்சிருக்கீங்களா" என்று கேட்டிருக்கலாம் இல்லையா? அப்போது பழைய போர்டில் லேப்டாப் ஆன் ஆகிக்கொண்டுதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து கீயை எடுத்திருக்கலாம், மொத்த டிஸ்க்கையும் வேண்டுமானாலும் காப்பி செய்திருக்கலாம்.

இதில் என்ன நடக்கிறது என்றால், டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் விண்டோஸ் தன் பிட்லாக்கர் என்ற வசதி மூலம் என்க்ரிப்ட் செய்துவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது. அதைத் திறக்கும் சாவியைப் பாதுகாப்பது டிபிஎம் என்ற சிப். அது மதர்போர்டில் தனியாகவோ, போர்டோடு ஒட்டிய பிராசசருக்குள்ளோ இருக்கும். 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 கட்டாயம், அதனால் இப்போதைய விண்டோஸ் லேப்டாப் எல்லாவற்றிலும் அது உண்டு. தினமும் ஆன் செய்யும்போது அந்த சிப் சத்தமில்லாமல் டிஸ்க்கைத் திறந்துவிடுவதால், பூட்டு என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. போர்டை மாற்றினால் சிப்பும் போய்விடுகிறது, டிஸ்க் திறக்க மறுக்கிறது, அப்போது ரெக்கவரி கீ ஒன்றுதான் வழி. முன்பே பல லேப்டாப்களில் இந்த என்க்ரிப்ஷன் தானாக ஆன் ஆகி வந்ததுதான். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் இதற்கான ஹார்டுவேர் நிபந்தனைகளையும் தளர்த்திவிட்டார்கள். அதனால் புதிதாக செட்டப் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் ஹோம் பதிப்பில்கூட என்க்ரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடும்.

லேப்டாப் திருடு போனால் இந்தப் பாதுகாப்பு அவசியம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. என் கோபம் சர்வீஸ் சென்டர் மீது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட் கோளாறால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, கோளாறைச் சரிசெய்ய சேஃப் மோடு என்ற அடிப்படை நிலைக்குள் போகக்கூட இதே 48 இலக்கத்தைத் தேடிப் பெரிய நிறுவனங்களின் ஐடி ஆட்களே அல்லாடினார்கள். அதற்குப் பிறகும், தினமும் போர்டு மாற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாது என்றால் எப்படி நம்புவது? பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்காரரிடமே சாவி எங்கே என்று கேட்கிற கதைதான்.

பொதுவாக இந்தக் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். என் கணக்கில் இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் சொந்த லேப்டாப்பிலேயே ஆபீஸ் மெயிலைப் பார்க்கச் சொன்னார்கள். அப்படி லாகின் செய்யும்போது, இந்தக் கருவியை நிர்வகிக்க உங்கள் நிறுவனத்தை அனுமதிக்கவும் என்று ஒரு பெட்டி ஏற்கெனவே டிக் செய்யப்பட்டே வரும். அதன் பிறகு கீ நிறுவனத்தின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடலாம். சரி என்று அவர்களிடம் கேட்டால், ஐடி டீமுக்கு டிக்கெட் போட ஊழியர் லாகின் வேண்டும், எனக்கோ லாகின் இல்லை. ஹெச்ஆருக்கு எழுதினால் ஐடியைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே இருந்த பழைய நண்பர் ஒருவர் தன் பெயரில் டிக்கெட் போட்டுக் கேட்டதில், நான் விலகியபோதே என் லேப்டாப்பின் பதிவை நீக்கிவிட்டார்கள், அதோடு அந்தக் கீயும் போய்விட்டது என்று பதில் வந்தது. கசப்பான பதில், ஆனாலும் இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பதில் அதுதான்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. பழைய போர்டைத் திரும்பப் பொருத்தினால் டிஸ்க் திறக்கும், ஃபைல்களை எடுத்துக்கொண்டு மறுபடி புதியதை மாட்டிக்கொள்ளலாம். அதைக் கேட்டபோது, பழைய போர்டு வாரன்டி விதிப்படி கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டது, வரவழைக்க முடியாது என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார். "ஃப்ரீயா ஃபார்மட் பண்ணித் தரோம், இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று ஏதோ சலுகை தருவதுபோல் ஒரு தாளை நீட்டினார். போட மறுத்துவிட்டேன். சான்றிதழ் ஸ்கேன், பில் எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எங்கள் சொந்தபந்தத்தில் யார் யாருக்கு என்ன முறை, எந்தத் தலைமுறையில் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் பதிவு செய்து வைத்திருந்த ஆடியோவை எங்கே போய் எடுப்பது?

கஸ்டமர் கேர் சாட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆள் வருகிறார், முதலிலிருந்து கதை கேட்கிறார், ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா என்கிறார். கடைசியில் என் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது என்று மெயில் வந்து டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள். டேட்டாவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஜாப் ஷீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதாம். கேட்காமல் போர்டை மாற்றலாம் என்று அதில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை.

உங்கள் லேப்டாப்பை இன்றே பாருங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் என்று இருந்தால், கன்ட்ரோல் பேனலில் டிவைஸ் என்க்ரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் பகுதிக்குப் போய் ரெக்கவரி கீயை பேக்கப் எடுங்கள். பூட்டியிருக்கும் அதே டிரைவில் சேமிக்க அது விடாது, பென்டிரைவிலோ தாளிலோ எடுத்து வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட கீ இருந்தால் கீ ஐடியை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேலையை விடப் போகிறவர்கள், சொந்த லேப்டாப்பில் ஆபீஸ் கணக்கு இருந்தால், கடைசி நாளுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். எம்1 முதலான ஆப்பிள் சிப் உள்ள மேக்புக்கில் நிலைமை இன்னும் மோசம், ஸ்டோரேஜே போர்டில்தான் இருக்கிறது, போர்டு போனால் எந்தக் கீயாலும் பயனில்லை, பேக்கப் மட்டும்தான் வழி.

கீயை மெக்கானிக்கிடம் எழுதிக் கொடுக்காதீர்கள். போர்டு மாற்றினால் நீங்களே போய் நின்று அடியுங்கள். விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்கும் இடத்திலும் ஏன் வேண்டும் என்று கேளுங்கள், சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க அது தேவையே இல்லை. ஜாப் ஷீட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: போர்டு மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே அழைக்கவும், ஃபார்மட் செய்ய அனுமதி இல்லை, நான் சரிபார்க்கும்வரை பழைய போர்டை அனுப்பக் கூடாது. எழுத விடமாட்டோம் என்றால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பூட்டிய டிஸ்க்கை அப்படியே கழற்றி வைத்துவிட்டு வேறு டிஸ்க் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய போர்டு எண்ணைக் குறிப்பிட்டு கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பியிருக்கிறேன், பதில் வந்தால் இதிலேயே சேர்க்கிறேன்.