தையற்காரர் குடும்பத்தின் வேர்களைத் தேட ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் சேவை: ஒரு மதிப்பீடு

ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகமான நேஷனல் ரெக்கார்ட்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து நடத்திவரும் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் என்னும் இணையச் சேவையை, தலைமுறைகளாகத் தையல் தொழில் செய்துவந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவதற்காகப் பயன்படுத்தினேன். என் மருமகள் எடின்பரோவைச் சேர்ந்தவர். அவருடைய தாய்வழி முன்னோர் பெர்த்ஷயர் கிராமப்புறத்திலிருந்து தலைநகருக்கு வந்த தையற்காரர்கள் என்ற ஒரு செய்தி மட்டுமே அந்தக் குடும்பத்தில் வாய்மொழியாக எஞ்சியிருந்தது. பேரப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்து முன்னோரைப் பற்றி மட்டும் எழுதிவைப்பது நியாயமாகாது என்று தோன்றியதால் இந்தத் தேடலில் இறங்கினேன். கைத்தொழிலாளர் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கட்டணம். கணக்குத் தொடங்குவதற்கும் பெயர் அட்டவணைகளில் தேடுவதற்கும் பணம் வேண்டியதில்லை. பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைத் திறக்கும்போதுதான், முன்பணம் கட்டி வாங்கிவைத்த கிரெடிட்டுகள் கழியும். 30 கிரெடிட்டுகளின் விலை 7.50 பவுண்டு; ஒரு பிறப்பு, திருமண அல்லது இறப்புப் பதிவின் படத்துக்கு 6 கிரெடிட்டுகள், அதாவது ஒன்றரைப் பவுண்டு ஆகும். ஒருமுறை வாங்கிய படம் நம் கணக்கிலேயே இருக்கும். மீண்டும் பார்க்கக் கட்டணம் இல்லை. மாதச் சந்தா வாங்கும் பெரிய வம்சாவளி நிறுவனங்களிடம் ஸ்காட்லாந்தின் அரசுப் பதிவேடுகளுடைய படங்கள் கிடையாது. அவை பெரும்பாலும் அட்டவணைகளையும் படியெடுத்த எழுத்துகளையுமே தருகின்றன. மூலப் பக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். என் கருத்தில் அந்த ஒன்றரைப் பவுண்டுக்கு மேலான மதிப்பு ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

அப்படிச் சொல்வதற்குக் காரணம், ஸ்காட்லாந்தின் பதிவு முறையே தொழிலைத் தொடர்ந்து எழுதிவைத்த முறையாக இருப்பதுதான். 1855 சனவரி 1 அன்று பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் கட்டாய அரசுப் பதிவு அங்கே தொடங்கியது. இங்கிலாந்தில் அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே பதிவு தொடங்கிவிட்டபோதிலும், அந்தக் காலத்து அங்குள்ள திருமணப் பதிவில் தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும், தாயார் பெயர் இருக்காது. இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரே இருக்காது. ஸ்காட்லாந்திலோ திருமணப் பதிவில் மணமக்களின் தொழில், இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும், இருவருடைய தாயாரின் பெயரும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் எழுதப்பட்டுள்ளன. இறப்புப் பதிவிலும் இறந்தவரின் பெற்றோர் பெயரும் தந்தையின் தொழிலும் வருகின்றன. எங்கள் தேடலில் கிடைத்த ஒரே ஒரு திருமணப் பதிவில் மணமகன் கூலிக்குத் தைக்கும் தொழிலாளி, மணமகள் தையல் வேலை செய்பவர், மணமகனின் காலஞ்சென்ற தந்தை தையற்காரர், மணமகளின் தந்தை சொந்தக் கடை வைத்த தையற்காரர் என்று நான்கு பேருடைய தொழிலும் ஒரே வரிசையில் இருந்தன. தொழிலும் உறவும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதை அதைவிடச் சுருக்கமாக எந்த ஆவணமும் சொல்லிவிட முடியாது.

1855ஆம் ஆண்டின் பதிவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த முதல் ஆண்டில் மட்டும், பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயதும் பிறந்த ஊரும் ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளின் விவரமும் கேட்கப்பட்டன. இறப்புப் பதிவில் பிள்ளைகள் அனைவரின் பெயர்களும் எழுதப்பட்டன. பதிவாளர்களுக்கு வேலைப்பளு தாங்கவில்லை என்பதால் அடுத்த ஆண்டே படிவம் சுருக்கப்பட்டது. பெற்றோரின் திருமண நாளும் இடமும் 1856 முதல் 1860 வரை பிறப்புப் பதிவில் இல்லாமற்போய் 1861இல்தான் திரும்பி வந்தன. ஆகவே நீங்கள் தேடும் குடும்பத்தில் யாரேனும், நேர் முன்னோரின் அண்ணனோ அத்தையோ யாராக இருந்தாலும், 1855இல் பிறந்திருந்தால் அல்லது இறந்திருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் வாங்குங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒருமுறையாக இங்கே கிடைக்கிறது. 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள் என்பதால், முப்பது என்றிருப்பவர் முப்பத்துநான்கு வயதுக்காரராகவும் இருக்கலாம். பிறந்த ஊரும் அதில் இல்லை. அதே கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவில்) பிறந்தவரா இல்லையா என்பது மட்டுமே இருக்கும். 1851 முதல் பிறந்த ஊர் எழுதப்பட்டது. அதே ஆண்டு முதல், ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் எத்தனை ஆட்களை வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. தையற்காரர்களைப் பொறுத்தவரை இது பெரிய செய்தி. கூலித் தொழிலாளியாக ஒரு கணக்கெடுப்பில் இருந்தவர் அடுத்ததில் மூன்று ஆட்களும் ஒரு பையனும் வேலை செய்யும் பட்டறைக்கு உடைமையாளராக எழுதப்பட்டிருந்தால், அந்தப் பத்தாண்டுகளில் அந்த வீட்டின் நிலைமை எப்படி மாறியது என்பது தெளிவாகிவிடுகிறது. வீட்டில் தங்கியிருந்த வேலை பயிலும் சிறுவர்களின் பெயர்களையும் கவனமாகப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் அந்த வீட்டு மருமகனாக வந்திருக்கக்கூடும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பிறப்பு, திருமணம், இறப்பு அட்டவணைகளில் தொழிலை வைத்துத் தேட வழியில்லை. பெயர், ஆண்டு, வட்டாரம் ஆகியவற்றைக் கொண்டே தேட வேண்டும். ஸ்காட்லாந்தில் ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்டவர்கள் ஒரு நகரத்திலேயே பலர் இருப்பார்கள். முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் இடுவது பழைய வழக்கம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வீடுகளில் நேர்வதுபோலவே, உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெயரோடு ஒரே தெருவில் வாழ்ந்திருப்பார்கள். யார் நம்மவர் என்று ஊகித்துப் படங்களைத் திறந்தால் கிரெடிட்டுகள் வேகமாகக் கரையும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பிற்காலத் தூயர் சபையினர் (மார்மன் சபையினர்) இலவசமாக நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தில் 1855 முதல் 1875 வரையான ஸ்காட்லாந்துப் பிறப்புகளின் அட்டவணை பெற்றோர் பெயர்களுடன் இருக்கிறது. அங்கே சரியான பிள்ளையை அடையாளம் கண்டுகொண்ட பிறகு இங்கே வந்து படத்தை வாங்கினால் வீண் செலவு பெரிதும் குறையும். பெண்களைத் தேடும்போது இன்னொரு வசதி: மணமான பெண்களின் இறப்பு, பிறந்த வீட்டுப் பெயரிலும் புகுந்த வீட்டுப் பெயரிலும் அட்டவணையில் இருக்கிறது.

1855க்கு முந்தைய காலத்துக்குச் செல்லும்போது நிலத்தின் தன்மையே மாறிவிடுகிறது. அங்கே நமக்கு இருப்பவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பங்குப் பதிவேடுகள் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்). இவற்றுள் மிகப் பழையது பெர்த்ஷயரின் எரோல் பங்கில் 1553இல் தொடங்குகிறது. பல பங்குகளில் பதினெட்டாம் நூற்றாண்டு வரை எதுவுமே இல்லை. ஞானஸ்நானப் பதிவுகள் ஓரளவு கிடைக்கும், திருமணப் பதிவுகளில் பெற்றோர் பெயர் அரிது, அடக்கப் பதிவுகள் மிகக் குறைவு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதிக்கப்பட்டதால் பலர் பிள்ளைகளைப் பதிவு செய்யாமலே விட்டார்கள். 1843இல் திருச்சபை இரண்டாகப் பிளந்தபோது பெருந்திரளானோர் புதிதாகப் பிரிந்த விடுதலைச் சபைக்குச் சென்றுவிட்டதால், அந்த ஆண்டுக்குப் பிறகு ஒரு குடும்பம் பழைய பதிவேட்டில் திடீரென்று மறைந்தால் அவர்கள் ஊரைவிட்டுப் போனதாக முடிவு கட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு பங்கையும் நிர்வகித்த சபை மூப்பர் மன்றங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை இந்தச் சேவை 2021 முதல் இலவசமாகப் படிக்கத் திறந்துவிட்டிருக்கிறது. அவற்றுக்குப் பெயர் அட்டவணை கிடையாது. பக்கம் பக்கமாகப் பழைய கையெழுத்தைப் படிக்கும் பொறுமை வேண்டும். ஆனால் ஓர் ஊரின் ஏழைகள், விதவைகள், முறைகேடென்று கருதப்பட்ட உறவுகள், சபை கண்டித்த குற்றங்கள் என வேறெங்கும் இல்லாத வாழ்க்கை அவற்றில் இருக்கிறது.

தையற்காரக் குடும்பத்தைத் தேடுகிறவர் இந்த இடத்தில் இணையச் சேவையை விட்டு வெளியே வர வேண்டும் என்பதே என்னுடைய முக்கியமான பரிந்துரை. எடின்பரோ தையற்காரர் சங்கம் 1500இல் நகர மன்றத்தின் முத்திரையிட்ட சாசனம் பெற்றது. கௌகேட் தெருவில் 1621இல் எழுந்த அவர்களுடைய மண்டபத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது. கிளாஸ்கோவில் தையற்காரர் சங்கம் பதினான்கு கைத்தொழில் சங்கங்களில் ஒன்று. அவற்றின் பொதுவான மண்டபமான ட்ரேட்ஸ் ஹால் 1794இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் சங்கத்தில் சேராதவர் நகர எல்லைக்குள் கடை வைத்துத் தைக்க முடியாது. சேருவதற்கு நகர உரிமை, அதாவது நகரத்தில் தொழில் நடத்தும் உரிமை வேண்டும். அந்த உரிமை பெற்றவரின் மகனுக்கும் மருமகனுக்கும் கட்டணம் குறைவு. இதனால் ஒருவர் எந்த உறவின் வழியாக உரிமை பெற்றார் என்பதைப் பட்டியலில் எழுத வேண்டியதாயிற்று. மனைவியின் வழியாக உரிமை பெற்றவர் என்றால் மாமனாரின் பெயரும் கூடவே இருக்கும். திருமணப் பதிவில் பெற்றோர் பெயர் இல்லாத காலத்தில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. வேலை பயிலச் சேர்ந்த சிறுவர்களின் பதிவேட்டில் தந்தையின் பெயர், ஊர், தொழில், குருவான தையற்காரரின் பெயர் ஆகியவை இருக்கின்றன. எடின்பரோவில் இப்பதிவேடு 1583இலிருந்து தொடங்குகிறது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த ஒரு சிறுவனை அவனுடைய சொந்த ஊரோடு இணைத்துக் காட்டும் அரிய ஆவணம் இது. ஸ்காட்டிஷ் ரெக்கார்ட் சொசைட்டி இந்தப் பட்டியல்களை அகரவரிசையில் அச்சிட்டிருக்கிறது. பழைய தொகுதிகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

சங்கங்களின் தனியுரிமை 1846ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அரசுப் பதிவு 1855இல் தொடங்கியது. நடுவிலுள்ள ஒன்பது ஆண்டுகளை 1851 கணக்கெடுப்பைக் கொண்டே தாண்ட வேண்டும். அதனால், கிரெடிட்டுகள் குறைவாக உள்ளவர்கள் முதலில் 1851இல் குடும்பம் இருந்த வீட்டைக் கண்டுபிடிப்பதில் செலவிட வேண்டும் என்று நினைக்கிறேன். கிராமத்துத் தையற்காரருக்கோ சங்கமும் இல்லை, பட்டியலும் இல்லை. அவர் பண்ணை வீடுகளுக்குச் சென்று, அங்கேயே தங்கி உண்டு, குடும்பத்துக்கு வேண்டிய துணிகளைத் தைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அவரைப் பற்றிக் கிடைக்கக்கூடியவை ஞானஸ்நானப் பதிவில் பெயருக்குப் பக்கத்தில் எழுதிய தொழிலும் மூப்பர் மன்றக் குறிப்பும்தான். எங்கள் பெர்த்ஷயர் கிளையும் அப்படி ஒரு ஞானஸ்நான வரியோடு நிற்கிறது.

கடை வைத்திருந்தவர்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் முகவரிப் புத்தகங்கள் உதவும். 1773 முதல் 1911 வரையான எழுநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகள் அங்கே இலவசம். தொழில்வாரிப் பகுதியில் தையற்காரர்கள் தனியாக இருப்பார்கள் என்பதால், ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளில் இல்லாத தொழில்வழித் தேடல் இங்கே கைகூடுகிறது. ஆண்டுவாரியாகப் பார்த்தால் கடை தெருவிலிருந்து தெருவுக்கு நகர்வதைத் தொடரலாம். கடை நொடித்திருந்தால் அரசிதழான எடின்பரோ கெசட்டில் அறிவிப்பு வந்திருக்கும். உயில்களின் அட்டவணையில் தொழிலும் ஊரும் குறிப்பிடப்படுவதால் பணம் கட்டும் முன்பே ஆளை அடையாளம் காண முடிகிறது. வறுமைப்பட்டவர்களுக்கு கிளாஸ்கோ மிட்செல் நூலகத்திலுள்ள ஏழையர் உதவி விண்ணப்பங்கள் மிக விரிவானவை.

பெண்களின் உழைப்பு இந்த ஆவணங்களில் போதிய இடம் பெறவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. சங்கப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. கணக்கெடுப்பிலும் தையற்காரரின் மனைவிக்கு நேரே தொழில் எழுதாத பக்கங்கள் ஏராளம். மணமாகாத மகள், விதவை ஆகியோரின் வரிகளில்தான் தையல்காரி, உடை தைப்பவர் என்று வருகிறது. ஆகவே அவர்களுடைய பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் தனியே வாங்கிப் பார்ப்பது அவசியம். பிறப்பு, இறப்புப் பதிவுகளில் தகவல் தந்தவரின் கையொப்பமோ, எழுதத் தெரியாதவரானால் அவர் இட்ட குறியோ இருக்கும். அட்டவணையை மட்டும் படிக்கிறவருக்கு இது கிடைக்காது.

இணையத்தில் நூறு ஆண்டுக்கு உட்பட்ட பிறப்பு, எழுபத்தைந்து ஆண்டுக்கு உட்பட்ட திருமணம், ஐம்பது ஆண்டுக்கு உட்பட்ட இறப்பு ஆகியவற்றின் படங்கள் திறக்காது. எடின்பரோவுக்கு நேரில் செல்லக்கூடியவர்கள் பிரின்சஸ் தெருவின் கிழக்கு முனையிலுள்ள ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸில் முன்பதிவு செய்து, 15 பவுண்டு நாள் கட்டணத்தில் அண்மைக்காலப் பதிவுகள் உட்பட எத்தனை பக்கங்களையும் பார்க்கலாம். குடும்பப் பெயர் மிகப் பொதுவானதாக இருந்தால் இணையத்தில் கிரெடிட்டுகளைச் செலவழிப்பதைவிட அந்த ஒரு நாள் மலிவானது. போவதற்கு முன் பெயர்களையும் வட்டாரங்களையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, 1851இல் குடும்பம் இருந்த முகவரியிலிருந்து தொடங்குங்கள்.