வேளாங்கண்ணியில் வாங்கிய மாதா சுரூபம்: ஒரு சி.எஸ்.ஐ. மருமகனின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்), திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டுச் சுவரில் வசன காலண்டர் உண்டு, படம் கிடையாது. மனைவி வீடு ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். அத்தை (மாமியார்) வீட்டில் இருபது வருஷமாக இருந்த பிளாஸ்டர் மாதா சுரூபம், அதாவது சிலை, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது விழுந்து உடைந்துவிட்டது. புதுசு வாங்க வேண்டும், அதுவும் வேளாங்கண்ணியிலேயே வாங்கி அங்கேயே மந்திரித்து (குருவானவர் ஜெபித்து ஆசீர்வதிப்பது) கொண்டுவர வேண்டும் என்றார் அத்தை. 'மந்திரிப்பது' என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் அப்பாவுக்குப் பாதி உயிர் போய்விடும். ஆனால் வண்டி ஓட்டுகிறவன் நான்தானே, போனேன்.

பேராலயத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு கடை. பெயர் போடவில்லை, காரணம் கீழே வரும். மெழுகுவர்த்தி, மாலை, கண், கால், கை, வீடு என்று தகட்டில் வெட்டிய காணிக்கை உருவங்கள், குட்டித் தொட்டில், அப்புறம் உள்பக்கம் முழுக்க சுரூபங்கள். ஓர் அடி உயரத்தில் இரண்டு வகை காட்டினார்கள், பிளாஸ்டர் ஒன்று, ஃபைபர் ஒன்று. பிளாஸ்டர் முகம் கொஞ்சம் அழகுதான், ஆனால் மூக்கும் விரலும் தட்டினால் போச்சு. ஃபைபர் லேசாக இருக்கும், உடையாது. 1,450 ரூபாய் என்று ஆரம்பித்து 1,100-க்கு வந்தார் அண்ணாச்சி.

இங்கேதான் இருபது நிமிஷம் போனது. ஒரே அச்சில் வார்த்த ஏழு சுரூபங்களை வரிசையாக நிறுத்தினார். எனக்கு ஏழும் ஒன்றுதான். அத்தை ஒவ்வொன்றாக முகத்தைப் பார்த்து "இது இல்ல, இது கோபமா இருக்கு, இது யாரையோ பாக்குது" என்று ஆறைத் தள்ளிவிட்டார். அப்புறம் குனிந்து பார்த்தேன். உண்மைதான், அச்சு ஒன்று, கண்ணும் புருவமும் கையால் எழுதியது. ஒன்றில் கருவிழி ஒரு நூல் இடப்பக்கம் தள்ளியிருந்தது, அதனால்தான் "யாரையோ பாக்குது". புடவைக் கரையில் தங்க வர்ணம் இரண்டு இடத்தில் கோட்டைத் தாண்டியிருந்தது, அதை அத்தை கண்டுகொள்ளவே இல்லை.

எனக்குள் வேறொரு சண்டை. கடையில் எல்லோரும் சொல்கிற 'சுரூபம்' எங்கள் வேதத்தில் பத்துக் கட்டளைகளின் இரண்டாம் கட்டளையில் வருகிற அதே சொல்: "ஒரு சொரூபத்தையாகிலும் யாதொரு விக்கிரகத்தையாகிலும் நீ உனக்கு உண்டாக்கவேண்டாம்." கத்தோலிக்கர்கள் கட்டளைகளை எண்ணும் முறையில் இது முதல் கட்டளைக்குள்ளேயே அடங்கிவிடும், அதனால் எங்கள் இரண்டாவது அவர்களுக்கு இரண்டாவது இல்லை. இதை வைத்து எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கிண்டல். தேவன் சொல்லித்தான் மோசே வெண்கலச் சர்ப்பத்தைச் செய்தார், ஆனாலும் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியதும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார் என்பதுதான் என் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். வண்டியில் இதைச் சொன்னேன். "நீங்க உங்க அம்மா போட்டோவ பர்ஸ்ல வெச்சிருக்கீங்களே, மாப்பிள்ளை" என்றார் அத்தை. போட்டோவிடம் நான் எதையும் கேட்பதில்லை என்று சொல்ல வாயெடுத்து, அம்மா இறந்த வருஷம் நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

வேளாங்கண்ணிக் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 16-ம் நூற்றாண்டில் பால் கொண்டுபோன சிறுவனிடம் குழந்தையோடு ஒரு பெண் பால் கேட்டது, பிறகு நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவன் எழுந்து நடந்தது, அதற்கப்புறம் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8 அன்று கரை சேர்ந்து கோயில் கட்டியது. மூன்றும் வாய்வழியாக வந்த மரபு. 1858-ல் பிரான்சின் லூர்துவில், மாதாவைப் பார்த்ததாகச் சொன்ன பெர்னதெத் என்ற சிறுமியைப் பங்குக் குருவும் போலீசும் உட்காரவைத்து விசாரித்த மாதிரி இங்கே எதுவும் நடக்கவில்லை. லூர்துவில் மருத்துவர்கள் பார்த்து, திருச்சபை புதுமை, அதாவது அற்புதம், என்று ஒப்புக்கொண்ட குணங்கள் இத்தனை வருஷத்தில் எழுபதைச் சுற்றித்தான். நான் அங்கே ஆயிரக்கணக்கில் அறிவித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, கடைக்கு வருவோம். பில் போடும்போது சும்மா சீண்டலாம் என்று "இது புதுமை செய்யுமா அண்ணாச்சி?" என்றேன். நெற்றியில் விபூதி வைத்திருந்த மனுஷன், "அது அவங்க வேலை சார், பெயின்டுக்குத்தான் நான் கேரண்டி" என்றார். இந்த ஒரு பதிலுக்கே முழு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

ஆனால் பையைப் பிரித்தால் உள்ளே ஒரு ஜெராக்ஸ் நோட்டீஸ். மாதா யாருக்கோ காட்சி கொடுத்தாராம், இதைப் பன்னிரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தால் நல்ல சேதி வருமாம், கிழித்துப் போட்ட ஒருவருக்கு வியாபாரம் போயிற்றாம். இதுதான் என் முதல் புகார். கத்தோலிக்கத் திருச்சபையே அங்கீகரித்த காட்சியைக்கூட ஒரு கத்தோலிக்கர் நம்பியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அது யாரோ ஒருவருக்குக் கிடைத்த தனி வெளிப்பாடு, எல்லோரும் அறிக்கையிடுகிற விசுவாசப் பிரமாணத்தில் சேராது. 2024 மே மாதம் வத்திக்கான் இப்படிப்பட்ட காட்சிகளை எப்படி ஆராய வேண்டும் என்று புதிய விதிகள் போட்டது. அதன்படி நல்ல தீர்ப்பு கிடைத்தாலும் 'தடையில்லை' என்ற அளவில்தான், இது வானத்திலிருந்து வந்ததுதான் என்று அடித்துச் சொல்வதில்லை. ரோமாபுரியே இவ்வளவு நிதானமாகப் பேசும்போது ஒரு ஜெராக்ஸ் தாள் அத்தையை மிரட்டுகிறது. அவர் படித்துவிட்டு முகம் வாடிப்போனார். நான் கிழித்துப் போட்டேன், வியாபாரம் எனக்கு இல்லை.

மந்திரித்த இடம் நன்றாக இருந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் கழுத்தில் தாலிச் சரடும் மஞ்சளுமாக ஒரு அம்மா, மொட்டையடித்த குழந்தையோடு. இப்படி மற்ற மதத்தவர் வருவதை மதக் கலப்பு என்று பார்க்கக்கூடாது என்று 2024 ஆகஸ்டில் வத்திக்கானிலிருந்து தஞ்சாவூர் ஆயருக்கு இந்தத் திருத்தலத்தைப் பற்றியே கடிதம் வந்தது. எங்கள் போதகர் ஒத்துக்கொள்ள மாட்டார். நானும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, "தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே" என்பதை அப்படியொன்றும் லேசாகத் தாண்டிப் போய்விட முடியாது. ஆனால் மணல் பாதையில் முழங்காலில் போய்க்கொண்டிருந்த ஒரு தாத்தாவைப் பார்த்தபோது, பக்கத்தில் நின்று வசனம் சொல்ல எனக்கு வரவில்லை. கால் மணலை உதறிக்கொண்டு தள்ளி நின்றேன்.

இரண்டாவது புகார், கிரீடம். ஊர் வந்து சேர்வதற்குள் பசை விட்டுக் கையோடு வந்துவிட்டது. கடைக்கு போன் போட்டால் "பெயின்டுக்குத்தான் கேரண்டின்னு சொன்னேனே சார்" என்கிறார். சொன்னார்தான். பெயரை விட்டது இதனால். நானே ஃபெவிகுயிக் போட்டு ஒட்டினேன், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. அத்தை அதையும் கண்டுகொள்ளவில்லை.

ஐந்துக்கு மூன்று. வாங்குபவர்கள் கிரீடத்தை லேசாக ஆட்டிப் பார்த்து வாங்குங்கள், பையில் நோட்டீஸ் இருந்தால் கடையிலேயே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை தெருவில் நிற்கவே இடம் இருக்காது, ஏழு சுரூபத்தை வரிசையாக நிறுத்தி முகம் பார்க்க விடமாட்டார்கள்.