நிறத்தை மாற்றாத படக்கடை

சென்ற மாதம் நண்பர்கள் ஐவர் கோல சிலாங்கூருக்குப் போய் எடுத்து வந்த படங்களை, வேலைக்குப் போகும் வழியில்தானே இருக்கிறது என்று, கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்குள் இயங்கும் அச்சுக்கடையில்தான் முதலில் கழுவக் கொடுத்தேன். (ஃபிலிம் வழக்கொழிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டாலும் எங்கள் வீட்டில் யாரும் படத்தை அச்சிடுவதில்லை, இன்னமும் கழுவத்தான் செய்கிறோம்.) இருபது நிமிடத்தில் 42 படங்களும் கைக்கு வந்துவிட்டன. தாள் நல்ல தாள், விலையும் குறைவு. ஆனால் அம்மா அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, அன்னைக்கு உங்க எல்லாருக்கும் காய்ச்சலா?" என்று கேட்டார். கேட்டதில் பிழையில்லை. ஐந்து முகங்களும் வெந்நீரில் ஊறவைத்து எடுத்தவை போல வெளிறிக் கிடந்தன. வெள்ளைச் சட்டை போட்டிருந்த நண்பனுக்குச் சட்டையின் மடிப்புகளே மறைந்துபோய், துணி ஒரே சுண்ணாம்புப் பரப்பாகத் தெரிந்தது.

அந்த வார இறுதியில் அதே கோப்புகளை எங்கள் ஊர்ப் படக்கடைக்கு எடுத்துச் சென்றேன். இந்த மதிப்பீடு அந்தக் கடையைப் பற்றியது. கடைக்காரர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். ஊரில் உள்ளவர்களுக்கு இதைப் படிக்கும்போதே எந்தக் கடை என்று தெரிந்துவிடும்.

ஊர் பெஸ்தாரி ஜெயா. 2007ஆம் ஆண்டில் பெயர் மாறியது என்றாலும் எங்கள் வாயில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கே செம்பனையை நட்டார். என் தாத்தா வேலை செய்ததும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில்தான். படக்கடை, பட்டணத்துப் பழைய கடைவீட்டு வரிசையில் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வெளியே பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து, எழுத்து எதுவும் படிக்க முடியாத நிலையில் தொங்குகிறது. நிறத்தைக் காப்பதில் இவ்வளவு கண்டிப்பான ஒருவர் தம்முடைய பலகையை மட்டும் எப்படி விட்டுவைத்தார் என்பது எனக்குப் புரியவில்லை.

உள்ளே நுழைந்தவுடன் இடப்பக்கம் அலமாரி உயரத்தில் ஒரு பழைய படம் கழுவும் இயந்திரம் நிற்கிறது. 36 படம் கொண்ட ஃபிலிம் சுருள்கள் வந்த காலத்தில், 38 பாகை செல்சியஸில் வைத்த இரசாயனத்தில் மூன்றே கால் நிமிடம் ஊறவைத்து நெகட்டிவை வெளியே எடுப்பதுதான் அதன் முதல் வேலை. சூடு அரைப் பாகை தவறினாலும் நிறம் கெட்டுவிடும் என்று கடைக்கார அண்ணன் சொன்னார். இப்போது அதன் மேல் கோப்புகளும் ஒரு சிறிய மின்விசிறியும் இருக்கின்றன. கடவுச்சீட்டுக்குக் குடிநுழைவுத் துறை முகப்பிடத்திலேயே படம் எடுத்துவிடுவதால் அந்த வரும்படியும் குறைந்துபோயிற்று. சிலாங்கூர் பல்கலைக்கழக மாணவர்களும், திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வரும் குடும்பங்களும்தான் இப்போது கடையைத் தாங்குகிறார்கள்.

சேவையில் வேறுபாடு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். மற்ற இடங்களில் வாடிக்கையாளரே ஒரு திரையில் படங்களைத் தொட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு நிற்க வேண்டும். இங்கே அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நம்மைத் தம் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறார். அவர் கணினியில் முதலில் செய்தது, தானியங்கித் திருத்தத்தை அணைத்ததுதான். "இதை விட்டா அது இஷ்டத்துக்குப் பவுடர் போடும் தம்பி" என்றார்.

அவர் விளக்கிய பிறகுதான் பேரங்காடிக் கடையில் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கிற்று. அங்கே இருந்த பிள்ளைகள் எங்கள் படங்களைக் கெடுக்கவில்லை, தொடவேயில்லை. இயந்திரம் தானாகத் திருத்திவிட்டது. ஒரு படத்தின் ஒட்டுமொத்த வெளிச்சமும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்பது இத்தகைய திருத்தங்களுக்கு அடிப்படையான பழைய கணக்கு. படத்தில் கறுத்த பொருள் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று முடிவு செய்து அது எல்லாவற்றையும் வெளுக்கிறது; சில புதிய மென்பொருள்கள் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் தனியாக வெளுக்கின்றன. கோல சிலாங்கூரில் உள்ள புக்கிட் மெலாவத்தி மலையில் குட்டியை அணைத்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்குரங்கை நெருங்கி நின்று எடுத்திருந்தோம். அந்த மலையில் இருக்கும் வெள்ளிமுடிக் குரங்குகள் கருஞ்சாம்பல் நிறம். பிறந்த குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். முதல் கடையில் கழுவிய படத்தில் தாய் அடுப்புச் சாம்பலாகவும் குட்டி பிஸ்கட்டாகவும் மாறியிருந்தன. எங்கள் ஐவரையும் மட்டுமல்ல, குரங்கையும் சேர்த்தே வெளுத்திருந்தது என்பதில் எனக்குச் சிறிது ஆறுதல்தான்.

ஆனால் இது வெறும் இயந்திரக் கணக்கு மட்டும் அன்று என்றும் அண்ணன் சொன்னார். ஃபிலிம் காலத்தில் அச்சுக் கூடங்கள் நிறத்தைச் சரிபார்ப்பதற்குக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் இருக்கும். ஷெர்லி அட்டை என்று தொழிலில் இருப்பவர்கள் அதைச் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் கன்னம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். பல நிறத்து முகங்களைக் கொண்ட அட்டைகள் 1990களில்தான் பரவின. கைப்பேசித் தயாரிப்பாளர்கள் கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதை ஒரு சிறப்பு அம்சமாக விளம்பரப்படுத்தியது அதற்கும் பிந்தி. கூகுள் 2021இல் வெளியிட்ட பிக்சல் 6 கைப்பேசியில்தான் அதற்கு ஒரு தனிப்பெயரே வைத்தது. தொழில்நுட்பத்தைத் திட்டி முடித்த கையோடு அண்ணன் தம்முடைய தொழிலையும் விட்டுவைக்கவில்லை. கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல், முகம் இருக்கும் இடத்தில், மெல்லிய பென்சிலால் தீட்டுவார்களாம். நெகட்டிவில் கறுத்த இடம் தாளில் வெளுப்பாக விழும் அல்லவா? மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் தீட்டல் இன்னும் கொஞ்சம் கூடுமாம்.

இனி எங்கள் படங்களுக்கு வருகிறேன். மலையுச்சியில், மலாக்கா நீரிணை பின்னால் தெரியும்படி மாலை நான்கு மணிக்கு எடுத்த படங்களில் வானம் கண்ணைக் கூச, கைப்பேசி வானத்துக்கு ஏற்றவாறு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டதால், முகங்கள் நிழலுருவாக விழுந்திருந்தன. இங்கே அண்ணன் முகங்களின் வெளிச்சத்தைத் தூக்கத்தான் செய்தார். ஆனால் எந்த அளவு என்பதற்கு என்னைத் திரைக்கு அருகே குனியச் சொல்லி, என் கன்னத்தையும் திரையில் இருந்த கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கடையில் காத்திருந்த ஒரு பாட்டி, "இன்னும் கொஞ்சம் கறுப்பு" என்று தம் பங்குக்குத் தீர்ப்புச் சொன்னார்.

திரும்பும் வழியில் செம்பனைக் காட்டுக்குள் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி எடுத்த படங்கள் வேறு வகைச் சிக்கல். ஓலைகளின் வழியாக வடிந்து வரும் வெளிச்சமே பச்சையாக இருப்பதால் முகத்திலும் பச்சை படிந்துவிடுகிறது. நாங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அந்தப் பச்சையைக் கண் கவனிப்பதே இல்லை, தாளில் பார்த்தால்தான் பித்தம் தலைக்கேறியவர்கள் போலத் தெரிகிறோம். பச்சைக்கு எதிர்நிறமான மஜெந்தாவைச் சிறிது கூட்டியவுடன் முகம் முகமாயிற்று, ஓலையும் ஓலையாகவே இருந்தது. இந்த ஒரு படத்துக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம் என்று சொல்வேன். தோட்டத்து நிழலில் தமிழ் முகம் எப்படித் தெரியும் என்பதை அறிந்த ஒருவர் அச்சிட்ட படம் அது.

இரவில் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்த்தபோது எடுத்தவை ஏழு படங்கள். பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து ஒரே நேரத்தில் மின்னி மின்னி அணையும் அந்தப் பூச்சிகளைப் பார்க்கும்போது யாருக்கும் கைப்பேசியை எடுக்காமல் இருக்க முடியாது. ஃபிளாஷ் போடக்கூடாது என்பதும் படகு ஆடிக்கொண்டே இருக்கும் என்பதும் சேர்ந்து, கிடைப்பது கறுப்புச் சதுரம்தான். பேரங்காடிக் கடை அந்த ஏழையும் பளபளப்பான தாளில், ஏழு கறுப்புத் துண்டுகளாக அச்சிட்டுக் கொடுத்துக் காசும் வாங்கிக்கொண்டது. அண்ணன் திரையில் பார்த்துவிட்டு, "தாளைக் கறுப்பாக்க நான் காசு வாங்க மாட்டேன்" என்று ஆறை நீக்கிவிட்டார். ஏழாவது படத்தை வேண்டுமென்றே நான் கேட்டு வாங்கினேன். அதில் துடுப்புப் போட்ட படகோட்டியின் தோள் மட்டும் ஒரு கோடாகத் தெரிகிறது.

படத்தை வெட்டுவதிலும் அவர் கேட்காமல் கை வைப்பதில்லை. கைப்பேசிகள் பொதுவாக நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் படம் எடுக்கின்றன. நாம் வழக்கமாகக் கேட்கும் 4ஆர் தாளோ ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குலம், அதாவது மூன்றுக்கு இரண்டு. கிடைமட்டப் படத்தைத் தாள் நிறைய அச்சிட்டால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும், அது தலையாகவும் இருக்கலாம், காலாகவும் இருக்கலாம். முதல் கடையில் எங்களுள் உயரமானவனுக்கு நெற்றிக்கு மேல் ஒன்றுமே இல்லை. இங்கே ஒவ்வொரு படத்துக்கும் வானம் போகட்டுமா, தரை போகட்டுமா, அல்லது இரு பக்கமும் வெள்ளை விளிம்பு விட்டு முழுப் படமும் வரட்டுமா என்று கேட்டார். நான் பெரும்பாலும் விளிம்பையே தேர்ந்தெடுத்தேன்.

அச்சுத் தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாடாவில் உள்ள மஞ்சள், மஜெந்தா, நீலப்பச்சை என்ற மூன்று நிறங்களை வெப்பத்தால் தாளில் ஏற்றி, நான்காவதாக ஒரு கண்ணாடி போன்ற மேற்பூச்சையும் பூசும் இயந்திரம் அவருடையது. விரல் ரேகை பட்டாலும் நீர் தெறித்தாலும் துடைத்துவிடலாம். அதே வகை இயந்திரம் பல கடைகளில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. முதலாவது நேரம். முப்பத்தாறு படங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்கிடையில் பேரனுக்குப் பள்ளிப் படம் கேட்டு வந்த அந்தப் பாட்டியும், ஆய்வேட்டுக்கு அட்டை போட வந்த இரண்டு மாணவிகளும் பொறுமையிழந்து வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார்கள். மதியம் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தினால் எப்போது திறப்பார் என்பதற்கு அறிவிப்பு எதுவும் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), பேரங்காடியைவிட அதிகம்தான். அவர் விற்கும் ஆல்பங்களை வாங்க வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும். பக்கங்களில் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய பழைய வகை அவை. நாளடைவில் அந்தப் பசை படத்தை மஞ்சளாக்கிப் பிடித்துக்கொள்ளும், பிரித்தால் கிழியும். நிறத்துக்காக இத்தனை பாடுபட்டுவிட்டு அதே கையால் அந்த ஆல்பத்தை நீட்டுகிறாரே என்று கேட்டேன். கிடங்கில் இருப்பது தீரட்டும் என்றார். உறை வைத்த ஆல்பம் ஒன்றை வேறு கடையில் வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்கள் படங்களைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த நிலையிலேயே எடுத்துப் போகாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. எடுத்தவரிடம் ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அல்லது அவருடைய கைப்பேசியையே கொண்டு போங்கள். 4ஆர் அளவுக்குச் சுருங்கிய படமும் ஓரளவு ஒப்பேறும், சட்டம் போட்டு மாட்ட 8ஆர் என்ற பெரிய அளவைக் கேட்டால் மூக்கும் வாயும் கலங்கிவிடும். சனிக்கிழமை காலை பத்தரைக்கு முன் போனால் கூட்டம் இருக்காது.

பணத்தைக் கட்டிவிட்டுப் புறப்படும் முன், எங்கள் முன்கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டியின் திருமணப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினேன். இருவர் முகமும் மாவு பூசினாற்போல இருக்கும். தாத்தாவின் கைகள் மட்டும் கறுப்பாக, வேறு யாருடைய கைகளோ போல மடியில் கிடக்கும். பென்சில் முகத்தோடு நின்றுவிட்டது என்று அண்ணன் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். சரிசெய்து 8ஆர் அளவில் கொடுக்க 40 வெள்ளி. நான் உடனே கொடுக்கிறேன் என்றதற்கு அவர் வாங்கவில்லை.

"ஒங்க தாத்தா என்ன நெறம்னு ஒனக்குத் தெரியுமா தம்பி?"

எனக்குத் தெரியாது, நான் பிறக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். அந்தக் கைகளை வைத்து முகத்தைச் செய்யலாமே என்றேன். வெயிலில் வேலை செய்தவரின் கையும் முகமும் ஒரே நிறமாக இருக்காது, பார்த்தவர் யாராவது பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வருகிற சனிக்கிழமை அப்பாவை அழைத்துப் போகிறேன்.