ஐந்து வருட ரெக்கார்டு பிளேயரும் சித்தப்பாவின் காதும்

ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ் என்ற ரெக்கார்டு பிளேயர் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. இதுவரை இரண்டு முறை ஊசி மாற்றியாகிவிட்டது. அதில் ஓடுபவை பெரும்பாலும் சித்தப்பா கொடுத்த அறுபது சொச்சம் எல்பி ரெக்கார்டுகள். அவர் எண்பதுகளில் விருதுநகரில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் துண்டுச் சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இவர் ரெக்கார்டைப் போட்டு 60, 90 நிமிட கேசட்டுகளில் பதிந்து வைப்பார்.

"ரெக்கார்டுல இருக்கற உயிர் போன்ல வருமா?" என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் யோசிக்காமல் "வராது" என்பேன். முதல் வருடம் அப்படித்தான் மயங்கிக் கிடந்தேன். போனில் பல நூறு முறை கேட்ட பாட்டில், தபேலாவுக்கு அடியில் பதுங்கிக் கிடந்த பேஸ் கிட்டார் ரெக்கார்டில் தனியாக எழுந்து வந்தது. பிறகு நிதானமாக ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, நான் கேட்டது இரண்டு வெவ்வேறு பிரதிகள். போனில் இருந்ததில் யாரோ சத்தத்தை ஏற்றி, மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டமாக்கி, போதாததற்கு எதிரொலியும் தூவியிருந்தார்கள். இன்னொரு பாட்டில் இரண்டாவது இடையிசையில் பாதியைக் காணோம். டிஜிட்டல் என்ன செய்யும், கொடுத்ததைத்தானே பாடும்?

அதனால் நானே பதிந்து பார்த்தேன். பிளேயரின் யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில். பெரிய தரமெல்லாம் இல்லை, சிடி அளவுதான்: 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். பொங்கலுக்கு வந்த சித்தப்பாவைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, ரெக்கார்டையும் பதிவையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். சத்தத்தை முன்னதாகவே சமமாக்கி வைத்திருந்தேன். துளி உரக்க ஒலிப்பதுகூடக் காதுக்கு நல்லதாகப் பட்டுவிடும். எது ரெக்கார்டு என்று பத்து முறையில் நான்கு முறை சரியாகச் சொன்னார்.

"பூவா தலையா போட்டிருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும்டா" என்றார், கொஞ்சம் கடுப்போடு.

ஊசி உரசும் இரைச்சல், லேசான சிதைவு, நாம் இதம் என்று சொல்லும் அத்தனையும் அந்தக் கோப்புக்குள் போயிருந்தது. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தன் ரெக்கார்டுகள் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் இருந்ததை 2022-ல் ஒப்புக்கொண்டது. அவற்றை டிஜிட்டலே கலக்காத சுத்த அனலாக் என்று கொண்டாடியவர்கள் எத்தனையோ பேர்.

தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான். உள்வட்டம் சிறியது என்பதால் ஒரு சுற்றில் ஊசிக்கு அடியில் ஓடும் வரிப்பள்ளத்தின் நீளம் அங்கே குறைந்துவிடும். அதனால் அங்கே வரும் கடைசிப் பாட்டில் பாடகி 'ஸ' உச்சரிக்கும் இடமெல்லாம் பிசிறடிக்கும். மே மாதத்தில் சென்னை ஜன்னலோரம் சாய்த்து வைத்த ஒன்று அப்பளமாக நெளிந்துபோனது. மழைக்காலத்தில் உறைக்குள் பூஞ்சை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ராத்திரியில் ரெக்கார்டுதான் போடுகிறேன். ஏன் என்று பார்க்க ஒரு மாதம் வேறு மாதிரி முயன்றேன். அதே ஸ்பீக்கர், அதே நாற்காலி, விளக்கை அணைத்துவிட்டு, நான் பதிந்த கோப்புகள் மட்டும். முதல் வாரம் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டாம் வாரம் கை தானாக ரிமோட்டைத் தேடியது. பிடிக்காத பாட்டைத் தாண்டினேன், அப்புறம் பிடித்த பாட்டிலேயே சரணம் வரை பொறுக்கவில்லை.

ரெக்கார்டில் என் சோம்பலே கைகொடுக்கிறது. எழுந்து போய் ஊசியைத் தூக்கி, சரியான பள்ளத்தில் இறக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? இருபது சொச்சம் நிமிடம் வருவதையெல்லாம் கேட்கத்தான் வேண்டும். ஒரு ரெக்கார்டின் இரண்டாம் பக்கத்தில், ஆரம்பத்தில் எனக்கு அறவே பிடிக்காத ஒரு சோகப்பாட்டு உண்டு. இப்போது அந்தத் தட்டை எடுப்பதே அதற்காகத்தான்.