கம்போடியத் தீர்ப்பாயமா, ருவாண்டாவின் ஊர்மன்றமா?

இனப்படுகொலை முடிந்த பிறகு நீதி தேட இரு நாடுகள் இரு வழிகளில் போயின.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் எனும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மாண்டார்கள். நோம் பென் நகரின் துவோல் ஸ்லெங் பள்ளிக்கூடத்தில் வகுப்பறைகளுக்குள் செங்கல் சுவர் எழுப்பிச் சிறைக்கொட்டடிகள் ஆக்கினார்கள். கைதிகளைப் படம் பிடித்து, சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கிக் கோப்பில் சேர்த்தார்கள். கொலைகாரர்கள் கட்டிக்காத்த அந்தக் கோப்புகளே பின்னாளில் அவர்களுக்கு எதிரான சாட்சியமாயின. ஆனால் ஐ.நா. துணையோடு 2006இல் தொடங்கிய தீர்ப்பாயம் 2022 வரை தண்டித்தது மூன்றே பேரை. கெமர் ரூஜ் தலைவன் போல் பாட் 1998இலேயே, இந்தத் தீர்ப்பாயத்தின் கூண்டைக் காணாமல் செத்துப்போனான். நெஞ்சு பொறுக்காத தாமதம் இது.

ருவாண்டாவில் 1994இல் நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் துட்சிகள் எனும் சிறுபான்மை இனத்தார், கொல்லப்பட்டார்கள். பெல்ஜிய ஆட்சி புகுத்திய அடையாள அட்டையில் இனம் குறிக்கப்பட்டிருந்தது; சாலைத் தடுப்புகளில் அந்த ஒரு சொல்லே உயிரைப் பறித்தது. அங்கே கச்சாச்சா எனும் ஊர்மன்றங்கள் திறந்தவெளியில் கூடி, 2012க்குள் சுமார் 19 லட்சம் வழக்குகளை முடித்தன. நீதிபதிகள் ஊரார் தேர்ந்தெடுத்தவர்கள், வழக்கறிஞர் கிடையாது. உறவினரின் உடல் எங்கே புதைக்கப்பட்டது என்பதைப் பல குடும்பங்கள் குற்றவாளியின் வாயாலேயே கேட்டறிந்தன. பொய்ச்சாட்சியும் புகுந்தது. கொலைகாரர்களை வென்று ஆட்சிக்கு வந்த துட்சி தலைமையிலான படையினர் செய்த கொலைகளையோ மன்றங்கள் தொடவே இல்லை. இதை மன்னிக்க முடியவில்லை.

இருந்தும், பக்கத்து வீட்டுக்காரனே வெட்டிய ஊரில், விசாரணையும் அந்த ஊரிலேயே நடக்க வேண்டும் என்பதால் ருவாண்டாவின் வழியையே தேர்வேன்.